நாய்க்குப் புதிர்ச் சாமான்: மட்டக்களப்புச் சூட்டுக்கும் எறும்புக்கும் எது தாங்கும்?

புதிர்ச் சாமான் என்றால் உள்ளே தீனியை வைத்து, நாயே பாடுபட்டு எடுத்துத் தின்னும்படி செய்த விளையாட்டுச் சாமான். பெட்டியில் போட்டிருக்கும் 'நிலை 1, நிலை 2' என்ற கடின அளவைப் பார்த்துத்தான் பலர் இந்தச் சாமான்களைத் தெரிவு செய்கிறார்கள். அதற்கு முதல் பார்க்க வேண்டியவை இரண்டு. உங்கள் நாய் நக்கித் தின்கிற சாதியா, கடித்துப் பிய்க்கிற சாதியா? உள்ளே ஒட்டிய சாப்பாட்டை மிச்சமில்லாமல் கழுவி எடுக்க முடியுமா? கை போகாத மூலை ஒன்று இருந்தாலும், காலையில் வைத்தது இந்தச் சூட்டில் பின்னேரத்துக்குள் புளித்துவிடும். எறும்பு அதற்கு முன்னமே வந்துவிடும்.

இந்தக் கணக்கில் முதலாவது கொங் கிளாசிக் இறப்பர் கூம்பு. அடியில் பெரிய துளை, உச்சியில் சின்னத் துளை. சின்னது காற்றுப் போக. ஒற்றைத் துளைப் போலிகளை வாங்க வேண்டாம். நாய் உறிஞ்சும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி நாக்கு சிக்கிக்கொள்ளலாம். சிவப்பு சாதாரணமாகக் கடிப்பவற்றுக்கு, கறுப்பு பலமாகக் கடிப்பவற்றுக்கு. குட்டிகளுக்கென்று மென்மையான இறப்பரில் தனியாக இருக்கிறது. நடுத்தர அளவு 7 முதல் 16 கிலோ நாய்க்கு, பெரியது 13 முதல் 30 கிலோவுக்கு. 15 கிலோ ஊர்நாய்க்கு இரண்டும் பொருந்தும் என்றாலும் பெரியதையே எடுங்கள். முழுதாக வாய்க்குள் போகிற சாமான் எதுவும் நல்லதில்லை.

'வாங்கிக் குடுத்தும் எங்கட நாய் தொடவே இல்லை' என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் முதல் நாளே இறுக்கி அடைப்பதுதான். தொடக்கத்தில் காய்ந்த தீனியை அரைவாசிக்குத் தளர்வாகப் போடுங்கள். உருட்டினால் தானாக விழ வேண்டும். பழகிய பிறகு தீனியை அதே அளவு தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, முள் எடுத்த அவித்த மீனோ பூசணிக்காயோ சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து நிரப்பலாம். 4 மணித்தியாலமாவது உறையவைத்துக் கொடுத்தால் உச்சி வெயிலுக்கும் நல்லது. உள்ளே போட்ட அளவை இராச்சாப்பாட்டில் குறைக்க மறக்கக் கூடாது. கழுவுவதற்குப் போத்தல் பிரஷ், சவர்க்காரம், சுடுதண்ணீர் போதும்.

மிஞ்சின கறிச்சோற்றை அடைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். முந்திரிகை வற்றலும் சொக்லேட்டும் நஞ்சு. பீநட் பட்டர் என்றால் போத்தலில் சைலிட்டோல் (சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் நாய்க்கு ஆகாது.

கட்டைகளைத் தள்ளி அடியில் இருக்கும் தீனியை எடுக்க வைக்கும் தள்ளு பலகைகள், நீனா ஒட்டோசன் என்ற பிராண்டின் டொக் பிறிக் போன்றவை, பார்க்க அழகு, மூளைக்கும் நல்ல வேலை. ஆனால் காய்ந்த தீனிக்கு மட்டும்தான். சோறு போட்டால் தள்ளு கட்டையின் தவாளிப்பில் நசிந்து ஒட்டும். எச்சில் பட்ட தீனியும் ஊதி இறுகும். தைல் தரையில் பலகை வழுக்கிக்கொண்டே போகும் என்பதால் அடியில் ஈரத்துவாய் விரியுங்கள். கெட்டிக்கார நாய் பலகையையே கவிழ்த்துவிடும்; தொடக்கத்தில் ஓரத்தைக் காலால் மிதித்துக்கொள்ளுங்கள். கடிப்பதற்குச் செய்த சாமான் இல்லை இது. தீனி முடிந்ததும் எடுத்து உயரத்தில் வையுங்கள். பக்கத்தில் இருந்து பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு இது வீண்செலவு.

சாப்பாட்டைப் பூசி நக்கக் கொடுக்கும் நக்கு விரிப்புக்கு நம்ம எருமைத்தயிரை விடப் பொருத்தமான பூச்சு கிடையாது. பாணியோ சீனியோ சேர்க்காமல், நடுத்தர நாய்க்கு 2 மேசைக்கரண்டி மெல்லியதாகப் பூசி உறையவையுங்கள். கொழுப்புக் கூடின தயிர் என்பதால் கணைய அழற்சி வந்த நாய்க்குக் கொடுக்க வேண்டாம்; வயிற்றால் போனாலும் நிறுத்துங்கள். பூச்சு தீர்ந்ததும் ஓரத்தைக் கடிக்கத் தொடங்கும். அந்த நேரம் கையில் எடுத்துவிட வேண்டும்.

துணிக் கீற்றுகளுக்குள் தீனியை ஒளித்து மோந்து தேட வைக்கும் முகர்வு விரிப்பை விட்டுவிடலாம். கார்த்திகை மார்கழி மழையில் அது காயாது, பூஞ்சணம் பிடிக்கும். பழைய துவாயில் தீனியைத் தூவிச் சுருட்டிக் கொடுத்தால் அதே வேலை காசில்லாமல் நடக்கும். தேங்காய் மட்டையைக் கொடுப்பவர்களும் உண்டு. தும்பை விழுங்கினால் குடல் அடைக்கும்.

தீனி உதிர்க்கும் பந்து மோசமில்லை, வீட்டுக்குள் என்றால். மணல் முற்றத்தில் துளை வழியே மணல் ஏறி, தீனியோடு வயிற்றுக்குள் போகும். இரண்டாகத் திருகிக் கழற்றக்கூடியதையே வாங்குங்கள், மற்றவை கழுவ முடியாது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் பதியாத கடினப் பிளாஸ்ரிக் பல்லை உடைக்கலாம்.

நாய் இரண்டு இருந்தால் சாமானும் இரண்டு, அறையும் இரண்டு. வேலிக்குள்ளால் தெரு நாய்கள் வந்துபோகும் வளவென்றால் கேற்றைப் பூட்டிவிட்டுக் கொடுங்கள். சேர்ந்து சாப்பிடும் நாய்கள்கூட உறைந்த மீன் மணத்துக்கு முன் சண்டைக்கு நிற்கும்.