இட்ச் ஐஓவில் ஒரு காட்டுமாடு: ஐந்தாண்டுக்கு மேல் ஒரு விளையாட்டை வெளியே வைத்திருந்த அனுபவம்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் மேடு ஏறினால் எங்கள் டிடிபி கடை. பகலெல்லாம் வருமானச் சான்று, சாதிச் சான்று, வேலைக்கான ஆன்லைன் விண்ணப்பம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பனி இறங்கிவிட்டால் ஆள் வராது. அந்த நேரத்தில்தான் கணினி விளையாட்டு செய்யப் பழகினேன். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்காக (லைன் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒன்றைச் செய்து முடித்து, அந்த அக்டோபரில் இட்ச் ஐஓ தளத்தில் வெளியிட்டேன். யாரும் தாங்கள் செய்த விளையாட்டைப் போடக்கூடிய இணையதளம் அது. அன்றிலிருந்து அதே பக்கம், அதே இணைப்பு. இத்தனை நாள் வைத்திருந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு இதுதான். பள்ளி விட்ட ஒரு சிறுமி தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து வீடு சேர வேண்டும். பனி கூடிக்கொண்டே வரும். வழியில் எங்கேயோ ஒரு காட்டுமாடு நிற்கும். சுடுவது, அடிப்பது எதுவும் கிடையாது. நிற்கலாம், பின்வாங்கலாம், சுற்றிப் போகலாம், காத்திருக்கலாம். செய்தித்தாள்கள் காட்டெருமை என்று எழுதுகின்றன, ஆனால் அது எருமை இனமில்லை, மாட்டினம். எங்கள் பக்கம் காட்டுமாடு என்றுதான் சொல்வோம். விளையாட்டுக்கும் அந்தப் பெயரையே வைத்தேன்.

இட்ச்சைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒன்றுதான்: எதையும் இன்ஸ்டால் செய்யாமல் உலாவியிலேயே விளையாடலாம். ப்ளே ஸ்டோரில் போட 25 டாலர் ஒருமுறைக் கட்டணம் உண்டு. அது கூடப் பெரிதில்லை. எங்கள் லைனில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதில் அப்பாவின் படங்களும் வீடியோக்களும் நிரம்பி இடமே இருக்காது. அந்தப் போனில் புதிதாக ஒரு ஆப் ஏற்ற யாரும் விட மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டால் விளையாட்டு திறக்க வேண்டும், மூடினால் போனில் இடம் அடைக்காமல் போய்விட வேண்டும். அது இட்ச்சில் கிடைத்தது, இன்றும் கிடைக்கிறது.

வெளியிடும் வேலை சின்னது. விளையாட்டை உலாவிக்கான வடிவில் ஏற்றுமதி செய்து, மொத்தத்தையும் ஒரு ஜிப் கோப்பாக்கி ஏற்றி, ‘உலாவியில் ஓடும் கோப்பு’ என்ற டிக்கைப் போட்டால் முடிந்தது. ஜிப்புக்குள் 1,000 கோப்புக்கு மேல் இருக்கக் கூடாது, விரித்தால் 500 எம்பிக்குள் இருக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் அந்த எல்லையின் பக்கத்தில்கூடப் போக மாட்டோம். நான் தடுமாறியது வேறு இடத்தில். முதல் நாள் இரவு ஏற்றிய விளையாட்டு திறக்கவே இல்லை. என் விண்டோஸ் கணினியில் நன்றாக ஓடியது, அங்கே ஏற்றினால் ஓடவில்லை. இரண்டு மணி நேரம் தேடிய பிறகு தெரிந்தது: விளையாட்டைத் தொடங்கும் இன்டெக்ஸ் கோப்பின் ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக (கேப்பிடல்) வைத்திருந்தேன். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்தத் தளம் பார்க்கும். படம், ஒலி எல்லாக் கோப்புகளுக்கும் இதே விதிதான். புதிதாகச் செய்பவர்கள் எல்லாப் பெயரையும் சின்ன எழுத்திலேயே வைத்துவிடுங்கள்.

பக்கத்தை உடனே பொதுவில் திறக்கத் தேவையில்லை. வரைவு நிலையிலேயே ஒரு ரகசிய இணைப்பு கிடைக்கும், அதை வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே இட்ச்சை யாருக்கும் சொல்வேன். நான் முதலில் அனுப்பியது எங்கள் பெரியம்மாவுக்கு. முப்பது வருடமாகக் கொழுந்து பறிப்பவர். காட்டுமாட்டை அவர் பார்த்த அளவுக்கு நான் பார்த்ததில்லை. பேரனின் போனில் இரண்டு முறை விளையாடிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏ புள்ள, மாடு இப்படி எடுத்தவுடனே பாயாதுடி. முதல்ல தலையத் தூக்கிப் பாக்கும். புஸ்ஸுனு மூச்சு விடும். அப்புறம் ஒடம்பக் காட்டிப் பக்கவாட்டுல நிக்கும். அதுக்குள்ள நாம வெலகிரணும்.”

நான் செய்திருந்த மாடு, சிறுமி பக்கத்தில் வந்தவுடனே ஓடி வந்து முட்டியது. பெரியம்மா சொன்னது ஒரு குறை மட்டுமில்லை, விளையாட்டே அதற்குள் இருந்தது. தலை தூக்கல், மூச்சு, பக்கவாட்டு நிற்பு என்று மூன்று படிகளாகப் பிரித்து, மூச்சுச் சத்தத்தைப் பனிக்குள் முதலில் கேட்கும்படி வைத்தேன். மாட்டின் உருவம் அதற்குப் பிறகுதான் தெரியும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருக்குமே, பனியில் முதலில் தெரிவது அந்த நான்கு கால்கள்தான். அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு விளையாடினார்கள். பொதுவில் திறந்தது அதற்கும் ஒரு வாரம் கழித்து.

அடுத்து வந்தது எடை. என் முதல் ஜிப் 22 எம்பி. கடையில் பிராட்பேண்ட் இருப்பதால் எனக்கு அது உறைக்கவில்லை. லைன் வீடுகளில் சிக்னல் ஒரு கோடு, மழை வந்தால் அதுவும் இல்லை. விளையாட்டு திறக்காமல் பாதியில் நின்றுபோன திரையோடு ஒரு பையன் போனைக் கொண்டுவந்து காட்டினான். அன்று இரவே உட்கார்ந்து பார்த்தேன். ஒலிக் கோப்புகளை வேவ் வடிவில் அப்படியே போட்டிருந்தேன், அவைதான் பாதிக்கு மேல். குறைந்த இடம் பிடிக்கும் ஓஜிஜி வடிவுக்கு மாற்றி, படங்களையும் போன் திரைக்குத் தக்கபடி சுருக்கியபோது 9 எம்பிக்கு வந்தது. படத்தின் அழகு குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. விளையாட்டு திறந்தது என்றுதான் சொன்னார்கள்.

திருத்தங்களை ஏற்ற இட்ச் தரும் பட்லர் என்ற கருவியைச் சீக்கிரமே பழகிக்கொண்டேன். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், முதலில் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது முழுக் கோப்பையும் திரும்ப ஏற்றாது, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். கரண்ட் வந்து வந்து போகும் மழைக்காலத்தில் இது பெரிய உதவி. இணைப்பும் மாறாது. 2020இல் பிள்ளைகளுக்கு அனுப்பிய அதே செய்தியை இன்று தொட்டாலும் புதிய பதிப்புதான் திறக்கும்.

நெஞ்சில் நிற்கும் சிக்கல் ஒன்று உண்டு. விளையாட்டு மொத்தம் ஏழு கட்டம். எட்டிய கட்டத்தைப் போனிலேயே சேமித்து வைக்கும்படி எழுதியிருந்தேன். ஒரு நாள் காலை கடை வாசலில் ஒரு சின்னப் பையன். “அக்கா, நேத்து மூணாவது பாலம் வரைக்கும் போனேன். இன்னிக்கு மறுபடியும் ஸ்கூல் வாசல்லயே நிக்கிது.” முகம் வாடிப் போயிருந்தது. காரணம் இதுதான்: இட்ச் பக்கத்தில் விளையாட்டு வேறொரு இணைய முகவரியிலிருந்து வந்து, பக்கத்துக்குள் பதித்த ஒரு சின்னச் சன்னலுக்குள் ஓடுகிறது. மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நாம் திறந்த தளம் அல்லாத வேறு தளங்கள் போனில் வைக்கும் குறிப்புகளை, தடுக்கும் உலாவிகள் அப்படி ஓடுவதற்குச் சேமிக்க இடம் கொடுப்பதில்லை. இது தனிப்பட்ட உரிமையைக் காக்கும் ஏற்பாடு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பையனுக்கு மூன்றாவது பாலம் வேண்டுமே.

கடைசியில் பழைய வழிக்கே போனேன். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் மூன்று சொற்கள் திரையில் வரும்: ‘கொழுந்து, சாரல், பாலம்’ என்பதுபோல. அடுத்த நாள் அந்த மூன்றையும் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எந்த போனிலும் வேலை செய்யும், யாருடைய அனுமதியும் தேவையில்லை. பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் சொல்லியும் கொடுத்தார்கள். அக்காவின் போனில் தொடங்கி மாமாவின் போனில் முடிப்பது என்று ஆனது. நான் செய்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தமிழ் எழுத்தின் கதை நீளமானது, பொறுமையும் அதிகம் வேண்டியிருந்தது. நான் தொடங்கியபோது பயன்படுத்தியது கோடோ 3, விளையாட்டு செய்வதற்கான மென்பொருள். அதில் நம் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வசதி கிடையாது. ‘கொழுந்து’ என்று அடித்தால் கொம்பு முன்னால் வராது, இடம் மாறிப் போய் நிற்கும். எனவே எல்லாத் தமிழ் வரிகளையும் படமாகச் செய்து வைத்தேன். ஒரு சொல்லைத் திருத்தவும் ஒரு படத்தைத் திரும்பச் செய்ய வேண்டும். 2023 மார்ச்சில் கோடோ 4 வந்தது. அதில் தமிழ் தமிழாகவே வந்து நின்றதைத் திரையில் பார்த்தபோது கண் கலங்கியது உண்மை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை விளையாட்டுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். உலாவியில் ஓடும்போது போனில் இருக்கும் எழுத்துருவை அது எடுத்துக்கொள்ளாது. கணினியில் தமிழ் தெரிகிறதே என்று நம்பி ஏற்றினால், உலாவியில் எழுத்துக்குப் பதில் வெறும் சதுரங்கள் வரும்.

ஆனால் உடனே மாறவில்லை. கோடோ 4இன் முதல் பதிப்புகளில் உலாவிக்கான ஏற்றுமதி பல த்ரெட்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் பல வேலைகளைத் தனித்தனியே ஓட்டுவதை, நம்பி இருந்தது. அதற்குத் தளம் சில தனிப் பாதுகாப்புக் குறிப்புகளை அனுப்ப வேண்டும். இட்ச்சில் அதற்கென்று ஒரு டிக் உண்டு, போட்டும் பார்த்தேன். சில போன்களில் ஓடியது, சிலவற்றில் கறுப்புத் திரையோடு நின்றது. பத்துப் பேரில் இரண்டு பேருக்குத் திறக்காத விளையாட்டை எங்கள் லைனுக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பழைய பதிப்பையே விட்டுவைத்துக் காத்திருந்தேன். 2024 ஆகஸ்டில் வந்த 4.3, த்ரெட் இல்லாமலும் ஏற்றுமதி செய்ய வழி கொடுத்தது. அதற்குப் பிறகுதான் மாற்றினேன். அந்த ஒன்றரை வருடக் காத்திருப்பு சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

மாற்றியதிலும் ஒரு இழப்பு உண்டு. கோடோ 4க்கு உலாவியில் படம் வரையும் வெப்ஜிஎல் 2 என்ற வசதி வேண்டும், மிகப் பழைய போன்களில் அது இல்லை. ஒரு பக்கத்தில் உலாவியில் ஓடும் கோப்பு ஒன்றுதான் வைக்க முடியும். எனவே ‘பழைய போனுக்கு’ என்று இரண்டாவது பக்கம் திறந்து, கோடோ 3 பதிப்பை அங்கே வைத்தேன். புள்ளிவிவரப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அங்கேயும் யாரோ விளையாடியிருக்கிறார்கள். அதை மூட மாட்டேன்.

சின்ன விஷயங்கள் சில. அட்டைப் படம் 630க்கு 500 பிக்சல் என்று தளமே சொல்கிறது. வாட்ஸ்அப்பில் இணைப்போடு வரும் படம் அதுதான் என்பதால் அதில் எழுத்தைப் பெரிதாக வையுங்கள். போனுக்கு ஏற்றது என்ற டிக்கையும், திரை படுக்கையா நிமிர்ந்ததா என்பதையும் மறக்காமல் போடுங்கள். திரையைத் தொடும் வரை ஒலியை உலாவி விடாது, அதனால் ‘தொடங்கு’ பொத்தான் ஒன்று கட்டாயம். எழுத்துரு, ஒலி, கோடோ எல்லாவற்றின் உரிமக் குறிப்பையும் நன்றிப் பக்கத்தில் சேருங்கள்.

பணம் பற்றிக் கேட்பவர்களுக்கு: விலை வைக்கலாம், விரும்பினால் கொடுங்கள் என்று வைக்கலாம், பணமே வேண்டாம் என்றும் வைக்கலாம். தளத்துக்குப் போகும் பங்கு வழக்கமாக 10 சதவீதம், அதையும் நாமே பூஜ்யம் வரை குறைக்கலாம். நான் முதல் நாளே பணம் வேண்டாம் என்று வைத்தேன். பக்கம் வைத்திருக்கவும் இதுவரை ஒரு ரூபாய் கொடுத்ததில்லை.

ஆனால் அங்கே வைத்துவிட்டால் உலகம் தேடி வரும் என்று நினைக்க வேண்டாம். குவிந்து கிடக்கும் விளையாட்டுகளுக்கு நடுவே தமிழில் ஒன்றைத் தேடி வருபவர்கள் குறைவு. முதல் வாரம் விளையாடியவர்கள் பதினோரு பேர், அதில் ஒன்பது பேரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். பிறகு வந்தவர்களும் கை மாறிக் கை மாறி வந்தவர்கள்தான்: ஒரு டீச்சர் வகுப்புக் குழுவில் போட்டார், குன்னூரில் ஒரு தங்கை, கொடைக்கானலில் ஒரு சொந்தக்காரர். அங்கேயும் ஊருக்குள் காட்டுமாடு வருவதால் அவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

நடுவில் ஒரு வருத்தமும் நடந்தது. வேறொரு விளையாட்டுத் தளம் என் கோப்புகளை அப்படியே எடுத்து, சுற்றிலும் விளம்பரம் வைத்துப் போட்டிருந்தது. பிள்ளைகள் விளையாடும் திரையில் சூதாட்ட விளம்பரம் மின்னியது. நாலைந்து கடிதம் எழுதிய பிறகு எடுத்தார்கள். உலாவியில் ஓடும் எதையும் எடுப்பது எளிது, முழுவதும் தடுக்க வழியில்லை. இப்போது முதல் திரையிலேயே ‘விளம்பரம் தெரிந்தால் இது அசல் பக்கம் இல்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதி, அசல் முகவரியையும் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாகச் செய்த மாற்றம் ஒலி. லாங்வுட் சோலை என்ற காடு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு வெளியூர்க்காரர்களும் அதன் பெயரைச் சொல்கிறார்கள். விடியற்காலையில் வெளிச் சாலையோரம் நின்று போனிலேயே பதிவு செய்தேன்: நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவையின் குரல், இலையிலிருந்து சொட்டும் பனி, தூரத்தில் முதல் பஸ். ஆறாவது கட்டத்தில் இப்போது அதுதான் கேட்கிறது. முன்பு போட்டிருந்த இலவச ஒலியில் எந்த ஊர்ப் பறவை கத்தியது என்று எனக்கே தெரியாது.

மூன்றாவது பாலத்தைத் தொலைத்த பையன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் கடைக்கு லேப்டாப்போடு வந்தான். சோலைக்குள் கரடி வரும் விளையாட்டு, அவனே செய்தது. “அக்கா, வீட்ல ஓடுது, ஏத்துனா ஓடல” என்றான். கோப்பின் பெயரைப் பார்த்தேன், முதல் எழுத்து பெரியது. மாற்றி ஏற்றினோம், ஓடியது. பொதுவில் திறக்கப் போனவனை நிறுத்தி ரகசிய இணைப்பை எடுக்கச் சொன்னேன். அவன் பாட்டி கீழ்கோத்தகிரியில் இருக்கிறார், கரடியைப் பற்றி அவருக்குத் தெரியும். அவருக்கு அனுப்பியிருக்கிறான்.