பேரக்குழந்தைகளை வளர்க்க எந்த வழி: வாய்ப்பேச்சா, விடுதியா, தத்தா, நீதிமன்ற ஆணையா?

மகள் நோயில் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் மாதம், மருமகன் கப்பலூர் அருகே நான்குவழிச் சாலையில் அடிபட்டு இறந்தார். அன்றிரவே பேத்தியையும் பேரனையும் திருமங்கலத்தில் உள்ள எங்கள் வீட்டிற்கு அழைத்து வந்துவிட்டோம். பேத்திக்கு இப்போது 11 வயது, பேரனுக்கு 7, எனக்கு 64. குழந்தைகள் எங்களிடம்தான் வளர்வார்கள் என்பதில் இரு வீட்டாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. எந்த முறையில் வளர்ப்பது என்பதை முடிவுசெய்யத்தான் ஓராண்டுக்கு மேலாயிற்று. இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நாங்கள் எண்ணிப் பார்த்த நான்கு வழிகளையும் எழுதுகிறேன்.

விடுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசின் நலத்துறை விடுதிகள், 2025 முதல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் பெற்றவை, கட்டணமின்றிப் படிக்க வைக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் படுக்கையில் இருந்தால் அதுவே நல்ல வழியாக இருக்கக்கூடும். எங்களுக்கு அந்த நிலை இல்லை. தாயை இழந்த பிள்ளையைத் தம்பியிடமிருந்தும் பிரிப்பதற்கு என் மனைவி ஒப்பவில்லை.

தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று உறவினர் பலர் சொன்னார்கள். ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, மகனோ மகன்வழிப் பேரனோ உயிரோடு இருப்பவர் இன்னோர் ஆண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. எனக்கு மகன் இருக்கிறான். ஆகவே பேரனுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. மகளும் மகன்வழிப் பேத்தியும் எனக்கு இல்லாததால் பேத்தியை மட்டும் எடுத்திருக்கலாம். உடன்பிறந்த இருவரில் ஒருவரைத் தத்தெடுத்து மற்றவரை விட்டால் வீடு என்னாகும்? தவிரவும், என் மகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாச்சியின் பெயர் ஏறுவதை எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியாகத் தாத்தா பாட்டி தத்தெடுக்கவும் இடம் உண்டு. அதில் எனக்கு அனுபவம் இல்லாததால் மேலே எதுவும் சொல்ல மாட்டேன்.

எஞ்சியவை இரண்டு. நம் பக்கத்தில் பெரும்பாலோர் செய்வதுபோல, எந்தக் காகிதமும் இல்லாமல் வளர்ப்பது ஒன்று; குழந்தைகளுக்குச் சட்டப்படி பொறுப்பாளர் நாங்களே என்று நீதிமன்றத்தில் காப்பாளர் ஆணை பெறுவது மற்றொன்று. சோறு, துணி, பாசம் ஆகியவற்றில் இரண்டுக்கும் வேறுபாடே கிடையாது. குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தாயிற்று, மதிப்பெண் அட்டையில் நானே ஒப்பமிடுகிறேன், இனி ஆணை எதற்கு என்றுதான் நானும் முதலில் இருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது கையெழுத்து.

மருமகனின் சேமிப்புக் கணக்கில் நியமனதாரராக (நாமினியாக) இருந்தது என் மகளின் பெயர், அவளும் இல்லை. வாரிசுச் சான்றிதழோடு வங்கிக்குப் போனபோது, அங்கிருந்த அலுவலர் படிவத்தைத் திருப்பி வைத்து, "ஐயா, நீங்க தாத்தாதான். ஆனா சட்டப்படி கார்டியன் இல்லையே" என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் பிறர் கையெழுத்தைச் சரிபார்த்தவன் நான். அவர் சொன்னது சரி என்பது அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. 18 வயது நிரம்பாதவரைச் சட்டம் இளவர் என்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் தந்தையும் அவருக்குப் பின் தாயுமே இயற்கைக் காப்பாளர்கள். எத்தனை ஆண்டு வளர்த்தாலும் தாத்தாவுக்கு அந்த உரிமை தானாக வருவதில்லை, வளர்த்தோம் என்ற ஒன்றை வைத்து இளவரின் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் குழந்தைகளுக்காக வழக்கு நடத்த நெருங்கிய உறவினர் என்ற தகுதி போதுமானதாக இருந்தது. வங்கியிலும் மருமகன் வாங்கிப்போட்ட மனை விவகாரத்திலும் அது போதவில்லை.

ஆகவே 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் இளவர் சட்டத்தின்கீழ் மனு போட்டோம், வழக்கறிஞர்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். குழந்தைகள் வழக்கமாக வசிக்கும் ஊர் எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கே போடலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு என்பதைப் பிந்தித்தான் அறிந்தேன். பத்திரிகை விளம்பரம், உறவினர்களுக்கு அறிவிப்பு எல்லாம் முடிய எங்களுக்குப் பத்து மாதம் ஆயிற்று. மதுரைப் பெரியார் நிலையத்தில் பேருந்து மாறி மாறி அலைந்தது உண்மைதான். ஆனால் அந்த அறிவிப்பால் ஒரு நன்மை விளைந்தது. மருமகனின் தாயாரும் சட்டப்படி அவருக்கு வாரிசு. அறிவிப்பு போகாவிட்டால், அவருக்கு மனக்குறை இருந்தாலும் அது வெளியே வராமலே போயிருக்கும். அந்த அப்பத்தாவே நேரில் வந்து, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நீதிபதி பேத்தியைத் தனியே அழைத்து, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டாராம். "அம்மாச்சி பின்னினாத்தான் என் சடை சாயங்காலம் வரைக்கும் நிக்கும்" என்று சொன்னதாக, வெளியே வந்து எங்களிடம் சொன்னாள்.

ஆணை வந்ததும் எல்லாம் நம் கைக்கு வந்துவிடாது. நீதிமன்ற அனுமதியின்றி மனையை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ கூடாது. இதைக் குறையாக நான் பார்க்கவில்லை. நாளைக்கு நானே கடனில் சிக்கினாலும் குழந்தைகளின் மனை தப்பிக்கும்.

மாதச் செலவுக்கு ஆணையை நம்ப வேண்டாம், அதற்கு வேறு வாசல்கள் உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். அதற்கு ஊரகக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம்.

என் தெரிவிலும் ஓர் ஓட்டை உண்டு. பேரனுக்கு 18 ஆகும்போது எனக்கு 75. இடையில் நான் போய்விட்டால் என் ஆணையும் என்னோடு முடிந்துவிடும். உயில் எழுதி அடுத்த காப்பாளரை நியமிக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, தாத்தாவுக்கு இல்லை. தாய்மாமன் மறுபடி மனுப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் வழக்கு எண், ஆணையின் சான்றிட்ட நகல், வாரிசுச் சான்றிதழ், மனைப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, கோயம்புத்தூரில் இருக்கும் மகனிடம் சென்ற பொங்கலுக்குக் கொடுத்துவிட்டேன்.