குளிரில் நிற்கும் மின் இயந்திரங்கள்: பேட்டரியைச் சூடேற்றும் வழிகளில் எது மேல்?

பின்லாந்திலும் கனடாவின் குளிர் மிகுந்த பகுதிகளிலும் வண்டி நிறுத்துமிடங்களில் இடுப்பளவு உயரமுள்ள மின்கம்பங்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். இரவெல்லாம் உறைபனியில் நின்ற வண்டி காலையில் முரண்டு பிடிக்காமல் கிளம்ப வேண்டும் என்பதற்காக, எஞ்சினில் பொருத்திய சிறு ஹீட்டருக்கு மின்சாரம் கொடுப்பதே அவற்றின் வேலை. பின்லாந்துக் கம்பங்களில் பெரும்பாலும் நேரம் குறிக்கும் கடிகாரமும் இருக்கும். விடிய விடிய மின்சாரம் வீணாகாமல், கிளம்புவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் ஹீட்டர் இயங்கும். இன்று அதே பனியில் மின்சார எக்ஸ்கவேட்டர்களும் லோடர்களும் நிற்கத் தொடங்கிவிட்டன. அவற்றின் பேட்டரியை எந்தக் கருவியால் சூடேற்றலாம் என்பதைப் பற்றி விற்பனையாளர்கள் நிறையவே பேசுகிறார்கள். எந்த நேரத்தில், எங்கிருந்து வரும் மின்சாரத்தில் சூடேற்றுவது என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. என் பார்வையில் கருவியைவிட அதற்கே முதலிடம் தர வேண்டும்.

டீசல் எஞ்சினுக்குக் குளிரில் கிளம்புவதுதான் சிக்கல். லித்தியம் பேட்டரிக்கோ கிளம்புவதைவிட மின்னேற்றமே பெரிய சிக்கல். பரவலாகப் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்கள் மைனஸ் 20 டிகிரி வரை மின்சாரத்தை வெளியே தரலாம் என்றும், மின்னேற்றம் மட்டும் 0 டிகிரிக்கு மேல்தான் நடக்க வேண்டும் என்றும் தயாரிப்பாளர்கள் வரையறுக்கிறார்கள். மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் மின்முனையின் அடுக்குகளுக்குள் நுழைந்து அமர வேண்டும். குளிரில் அந்த நுழைவு மந்தமாகிவிடுவதால், வாசலில் தேங்கிய அயனிகள் மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடுகின்றன. அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது. கொள்ளளவு நிலையாகக் குறையும், படிவு ஊசிபோல வளர்ந்தால் கலத்துக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகவும் வழி உண்டு. இதில் 0 டிகிரி என்பது மந்திரக்கோடு ஒன்றும் இல்லை. 5 டிகிரியிலும் வேகமாக மின்னேற்றினால் படிவு நிகழலாம் என்பதால், நல்ல பேட்டரி மேலாண்மை அமைப்பு வெப்பநிலை உயர உயர மின்னோட்டத்தைப் படிப்படியாகவே அனுமதிக்கும். காலையில் ஒழுங்காகத் தோண்டிய இயந்திரம் மதிய இடைவேளையில் 150 கிலோவாட் சார்ஜரில் செருகப்பட்டும் சொட்டுச் சொட்டாகவே மின்சாரம் வாங்குவதற்குக் காரணம் சார்ஜரின் குறை அல்ல, இந்தக் காவல்தான்.

எடுத்துக்காட்டுக்கு நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவைக் கொள்ளலாம். 2019-இல் அந்நகரின் ஐந்தாம் ஓலாவ் தெருவில் புகை வெளியிடாத இயந்திரங்களைக் கொண்டு தெருச் சீரமைப்புப் பணி தொடங்கியது. 2025 முதல் நகராட்சியின் கட்டுமானப் பணிகளுக்குப் புகையில்லா இயந்திரங்களே விதியாகிவிட்டன. அதே 2019-இல் நார்வேயில் டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாற்றப்பட்ட 26 டன் கேட்டர்பில்லர் எக்ஸ்கவேட்டர் ஒன்றில் 300 கிலோவாட் மணி கொள்ளளவும் 3.4 டன் எடையும் கொண்ட பேட்டரி இருந்தது. அந்த எடையில் கலங்கள் மட்டும் 2 டன் என்று கொள்வோம். ஒரு கிலோ கலத்தை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1 கிலோஜூல் வேண்டும். மைனஸ் 20-இலிருந்து பிளஸ் 10 டிகிரிக்குக் கொண்டுவர 60,000 கிலோஜூல், அதாவது 17 கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் கருவிகளைப் பற்றிய விளம்பரங்களை எடைபோடுவது எளிது.

முதல் கருவி, கலங்களின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டப்படும் சூடேற்றும் விரிப்பு. விலை குறைவு, பம்பும் குழாயும் வேண்டாம். சிறிய இயந்திரங்களிலும் ஃபோர்க்லிஃப்ட்களிலும் இதுவே அதிகம். குறை என்னவென்றால், விரிப்பைத் தொடும் கலப்பகுதி சூடாகும் வேகத்துக்கு எதிர்ப்பக்கம் ஈடுகொடுக்காது. அவசரப்பட்டு அதிகத் திறன் கொடுத்தால் கலத்தின் அடிப்பகுதி கொதிக்க, தலைப்பகுதி குளிரிலேயே இருக்கும். ஆகவே இது நிதானமாகச் சூடேற்றுவதற்கு மட்டுமே உகந்த கருவி.

இரண்டாவது, கிளைகால் (glycol) என்னும் உறைதடுப்பு திரவம் கலந்த நீரைச் சூடாக்கிப் பேட்டரித் தட்டுகளின் வழியே சுழலவிடும் முறை. பாதிக்குப் பாதி கலந்த கலவை மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. கோடையில் இதே குழாய்கள் பேட்டரியைக் குளிர்விக்கவும் பயன்படுவதால், பெரிய இயந்திரங்களில் இது தனிச்செலவாகத் தெரிவதில்லை. இதில் பெரும்பாலும் வைக்கப்படும் பி.டி.சி. ஹீட்டருக்கு ஓர் அருமையான குணம் உண்டு: சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறுவதால், கட்டுப்பாட்டுச் சுற்று பழுதானாலும் ஹீட்டர் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். பாதுகாப்பை மென்பொருளிடம் மட்டும் ஒப்படைக்காமல் பொருளின் இயல்பிலேயே வைத்திருப்பதால், பெரிய பேட்டரிகளுக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன். 10 கிலோவாட் ஹீட்டர் மேலே கண்ட 17 கிலோவாட் மணியை ஏற்ற, இழப்புகளை விட்டுவிட்டாலும், ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும்.

மூன்றாவது, கலத்தை உள்ளிருந்தே சூடேற்றுவது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாவோ-யாங் வாங் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கலத்துக்குள் மெல்லிய நிக்கல் தகட்டைப் பதித்து, மைனஸ் 20-இலிருந்து 0 டிகிரிக்கு 20 வினாடியிலும், மைனஸ் 30-இலிருந்து 0 டிகிரிக்கு 30 வினாடியிலும் கொண்டுவந்து காட்டினார்கள். செலவானது முறையே கலத்தின் கொள்ளளவில் 3.8 விழுக்காடும் 5.5 விழுக்காடும். மோட்டாரின் கம்பிச்சுருளையும் இன்வெர்ட்டரையும் கொண்டு பேட்டரியின் வழியே மின்னோட்டத்தை முன்னும் பின்னுமாகத் துடிக்கவிட்டுச் சூடேற்றுவதும் இந்த வகையே. வேகத்தில் இவற்றை வெல்ல வேறொன்றும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: நம் எக்ஸ்கவேட்டருக்கு 30 டிகிரி உயர்வுக்கான 17 கிலோவாட் மணி, 300-இல் ஏறத்தாழ 5.6 விழுக்காடு. அதே 30 டிகிரி உயர்வுக்கு வாங் குழுவினர் கண்ட 5.5 விழுக்காட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கலத்தை முப்பது வினாடியில் சூடாக்கினாலும் மூன்று மணி நேரத்தில் சூடாக்கினாலும் அது குடிக்கும் வெப்பம் ஒன்றுதான். வேகமான முறை அந்தச் செலவைப் பேட்டரியிடமிருந்தே வசூலிக்கிறது. செருகி வைத்த இயந்திரம் அதே செலவை மின்கம்பியிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. ஆகவே மின்சார வசதியில்லாத இடத்தில் திடீரென எழுப்ப வேண்டிய வண்டிக்கு உள்சூடேற்றம் தகும். ஒவ்வோர் இரவும் ஒரே வேலித்தடுப்புக்குள் நிற்கும் கட்டுமான இயந்திரத்துக்கு அந்த வேகம் தேவையில்லாத ஆடம்பரம்.

இனி நேரத்துக்கு வருவோம். பெரிய பேட்டரி எவ்வளவு மெதுவாகக் குளிர்கிறது என்பதைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். சுமாரான காப்புறை கொண்ட நம் 2 டன் கலக்கட்டு, வெளிக்காற்றுடன் ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 10 வாட் வீதம் வெப்பத்தை இழப்பதாக வைத்துக்கொள்வோம். மாலையில் 20 டிகிரியில் வேலையை முடித்த பேட்டரி, வெளியே மைனஸ் 20 நிலவினாலும், பன்னிரண்டு மணி நேரம் கழித்து 12 டிகிரியில் இருக்கும். அதாவது சாதாரண வார நாள் இரவில் அதற்கு ஹீட்டரே வேண்டாம். கலங்கள் 150 கிலோவும் இழப்பு டிகிரிக்கு 3 வாட்டும் உள்ள சிறு லோடரோ அதே பன்னிரண்டு மணி நேரத்தில் மைனஸ் 3 டிகிரிக்குப் போய்விடும். ஆகவே சிறிய இயந்திரத்தை வேலை முடிந்த கையோடு, சூடு ஆறுவதற்குள் மின்னேற்றத்துக்குச் செருகிவிட வேண்டும். மின்கட்டணம் குறையும் நள்ளிரவுக்காகக் காத்திருந்தால், கட்டணத்தில் மிச்சம் பிடித்ததன் ஒரு பகுதி ஹீட்டருக்கே போய்விடும்.

பெரிய இயந்திரத்துக்குச் சோதனை திங்கட்கிழமை காலையில்தான் வருகிறது. வெள்ளி மாலை ஐந்து மணியிலிருந்து திங்கள் காலை ஏழு மணி வரை 62 மணி நேரத்தில் அது மைனஸ் 7 டிகிரிக்கு இறங்கிவிடும். இங்கே இரண்டு கட்டுப்பாட்டு முறைகள் மோதுகின்றன. பேட்டரியை விடுமுறை முழுவதும் 10 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் காப்பது ஒன்று. குளிரவிட்டு, திங்கள் அதிகாலையில் கடிகாரம் வைத்து மீண்டும் சூடேற்றுவது மற்றொன்று. முதலாவதில் பேட்டரி தானாக 10 டிகிரிக்கு இறங்க 16 மணி நேரம் போக, மீதி 46 மணி நேரம் 300 வாட் வீதம் ஏறத்தாழ 14 கிலோவாட் மணி செலவாகும். இரண்டாவதற்கு ஒன்பதரை போதும். பின்லாந்துக் கம்பத்தின் கடிகாரம் சொல்லும் அறிவுரை இங்கும் பொருந்துகிறது. ஆனால் பணத்தில் இது பெரிய தொகை அன்று. மின் இணைப்பின் வலிமைதான் முடிவை மாற்றும். ஐந்து இயந்திரங்கள் திங்கள் அதிகாலை ஐந்தரை மணிக்கு ஒன்றாக விழித்து ஆளுக்கு 10 கிலோவாட் கேட்டால், தற்காலிக இணைப்பிலிருந்து 50 கிலோவாட் உறிஞ்சப்படும். அதே ஐந்தையும் மெல்லக் காத்துவந்தால் ஒன்றரை கிலோவாட்டில் காரியம் முடியும். இணைப்பு நலிந்த இடத்தில் கொஞ்சம் வீணானாலும் காத்துவருவதே புத்திசாலித்தனம். அல்லது கடிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக முடுக்க வேண்டும்.

இந்த இழுபறி சிறிய அளவிலும் உண்டு. 230 வோல்ட், 16 ஆம்பியர் பிளக்கில் கிடைப்பது மொத்தமே 3.7 கிலோவாட். அதில் 3 கிலோவாட்டை ஹீட்டர் எடுத்துக்கொண்டால் மின்னேற்றத்துக்கு மிச்சம் இருப்பது பெயரளவுக்குத்தான். முதலில் சூடு மட்டும், பிறகு குறைந்த மின்னோட்டத்தோடு சூடு, அதன்பின் மின்னேற்றம் மட்டும் என்று கட்டுப்பாட்டு அமைப்பு முறைவைத்துப் பகிர வேண்டும். சூடேற்றும் கட்டத்தில் சார்ஜர் தரும் மின்னோட்டம் ஹீட்டருக்கு மட்டுமே போகிறதா, ஒரு கசிவுகூடக் குளிர்ந்த கலத்துக்குள் நுழையவில்லையா என்பதை வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சூடேற்றும் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் வேதியியலை மாற்றிப் பார்க்கலாம். கிராஃபைட்டுக்குப் பதிலாக வைக்கும் லித்தியம் டைட்டனேட் மின்முனையின் மின்னழுத்தம் உலோக லித்தியத்தைவிட ஒன்றரை வோல்ட் உயர்ந்திருப்பதால் அதில் படிவு ஏற்பட இடமே குறைவு, கடுங்குளிரிலும் மின்னேற்றலாம். ஆனால் அதே காரணத்தால் கலத்தின் மின்னழுத்தம் 2.3 வோல்ட் அளவில் நின்றுவிட, ஒரே ஆற்றலுக்கு எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். எடையே எதிர்ச்சுமையாகப் பயன்படும் ஃபோர்க்லிஃப்டில் அதைப் பொறுக்கலாம், விலையைப் பொறுப்பது கடினம். சோடியம் அயனிக் கலங்கள் மைனஸ் 20 டிகிரியில் 90 விழுக்காட்டுக்கு மேல் கொள்ளளவைத் தக்கவைக்கும் என்று 2021-இல் சீன பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல். அறிவித்தது, அது தயாரிப்பாளரின் கூற்று என்பதை மறக்காமல் வரவேற்கலாம்.

பழைய ஈய-அமில பேட்டரியையும் எளிதில் தள்ளிவிட முடியாது. குளிரில் மின்னேற்றினால் அது லித்தியம்போல் கெடாது. ஆனால் கொள்ளளவு பாதியளவுக்குச் சுருங்கும். முழு மின்னேற்றத்தில் அதன் அமிலம் மைனஸ் 60 டிகிரிக்கும் கீழேதான் உறையும் என்றாலும், வடிந்துபோன நிலையில் மைனஸ் 8 டிகிரியிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடக்கூடும். மின்னேற்ற மின்னழுத்தத்தையும், குறையும் ஒவ்வொரு டிகிரிக்கும், கலத்துக்கு 4 மில்லிவோல்ட் அளவில் உயர்த்த வேண்டும். 24 கலங்கள் உள்ள 48 வோல்ட் பேட்டரியில் 50 டிகிரி வேறுபாட்டுக்கு இது கிட்டத்தட்ட 5 வோல்ட். இந்த ஈடுசெய்தல் இல்லாத சார்ஜரில் அது என்றைக்கும் அரைவயிற்றோடுதான் எழும்.

இதெல்லாம் பனி பொழியும் நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. தூத்துக்குடியில் ஏற்றுமதிக்கான இறாலும் மீனும் மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே வைக்கப்படும் கிடங்குகளுக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது. அங்கே சூடேற்றத்தின் சிக்கல் தலைகீழானது. உறைகிடங்கிலிருந்து கடற்கரைக் காற்றுக்குள் வந்த வண்டி, குளிர்ந்த சொம்பு வியர்ப்பதுபோல, இணைப்பிகளும் சார்ஜிங் முனைகளும் உட்பட உடம்பெல்லாம் வியர்க்கும். ஈரத்தோடு திரும்ப உள்ளே போனால் அந்த நீர் உறைந்துவிடும். ஆகவே சூடேற்றத்துக்காக வண்டியை வெளியே கொண்டுவருவது மலிவான வழிபோலத் தோன்றினாலும் உண்மையில் விலை உயர்ந்தது. விரிப்பு ஹீட்டரும் மூடிய பெட்டியும் கொண்ட பேட்டரியை, உறைகிடங்குக்கும் வெளிக்கும் இடையிலுள்ள முன்கூடத்தில் குறுகிய இடைவேளைகளில் மின்னேற்றி, ஈரம் காயுமுன் உள்ளே அனுப்பாமல் பார்த்துக்கொள்வதே அங்கு சரியாக வரும். 250 கிலோ கலங்களை 25 டிகிரி உயர்த்த இரண்டு கிலோவாட் மணிகூட ஆகாது என்பதால், ஹீட்டரின் செலவைப் பற்றி அங்கு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

வெப்ப ஏற்றி எனப்படும் ஹீட் பம்ப்பை இதுவரை பேசாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு யூனிட் வெப்பம் தந்தாலும், வாரத்துக்கு ஒருமுறை செலவாகும் பத்துச் சொச்சம் கிலோவாட் மணியில் பாதியை மிச்சம் பிடிக்க அவ்வளவு விலையுள்ள கருவி தேவையில்லை. குளிர் கடுமையாகும்போது அந்த ஆதாயமும் தேய்கிறது. அதற்கு உரிய இடம் ஓட்டுநர் அறை. 3 கிலோவாட் அறை ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 24 கிலோவாட் மணி, அதுவும் ஒவ்வொரு நாளும், அதுவும் முழுக்கப் பேட்டரியிலிருந்து. வட ஐரோப்பாவின் மின்சாரப் பேருந்துகள் பலவற்றில் எரிபொருளால் இயங்கும் ஹீட்டர் இன்னும் ஒளிந்துகொண்டிருப்பது இதனால்தான். வேலை தொடங்குமுன், கம்பி செருகியிருக்கும்போதே பேட்டரியோடு ஓட்டுநர் அறையையும் சூடாக்கிவிடும் வசதி ஓர் இயந்திரத்தில் இருக்கிறதா என்பதை, ஹீட்டரின் வகையைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.