பெட்டியின் சீலைப் பிரித்துக் காட்டினார்கள், பில்லை மட்டும் தரவில்லை

2025 பொங்கல் விடுமுறையில் சென்னைக்குச் சென்றிருந்தபோது, மின்னணுப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் 49,500 ரூபாய் கொடுத்து மெட்டா குவெஸ்ட் 3 வி.ஆர். ஹெட்செட் (கண்களை மறைத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் காட்சிகளைப் பார்க்கும் கருவி) ஒன்றை வாங்கினேன். புத்தம் புதியது என்று சொல்லி என் கையில் கொடுக்கப்பட்ட அந்தக் கருவி, ஏற்கெனவே யாரோ பயன்படுத்தித் திரையைப் பழுதாக்கியது என்பது வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்கு உறுதியாயிற்று. புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் எப்படி ஏமாந்தேன் என்பதை, என் பங்குத் தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். இந்தக் கருவியை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிற நண்பர்கள் எல்லாரும் படத்தின் தெளிவைப் பற்றியும் விளையாட்டுகளைப் பற்றியுமே கேட்கிறார்கள். யாரிடம் வாங்குவது என்று எவரும் கேட்பதில்லை. நானும் அன்று கேட்கவில்லை.

வாங்குவதற்கு முன் ஆராயாமல் இருந்துவிடவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் அதே வேலையாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், பெங்களூரில் என் மைத்துனர் வீட்டில் பீட் சேபர் என்ற வி.ஆர். விளையாட்டை விளையாடிவிட்டு வந்த நாளிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை. 2024 அக்டோபரில் பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோ வெளிவந்ததும் நச்சரிப்பு இன்னும் கூடியது. அந்த விளையாட்டு குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ் ஆகிய இரண்டில் மட்டுமே இயங்கும் என்பதால் எங்கள் தேர்வும் அந்த இரண்டுக்குள் சுருங்கிற்று. அப்போது அமெரிக்காவில் 128 ஜி.பி. கொண்ட 3எஸ் 299.99 டாலர், 512 ஜி.பி. கொண்ட குவெஸ்ட் 3 499.99 டாலர். இரண்டிலும் இருப்பது ஒரே ஸ்னாப்டிராகன் எக்ஸ்.ஆர்.2 ஜென் 2 சிப்தான். ஆகவே விளையாட்டு ஓடுவதில் பெரிய வேறுபாடு கிடையாது. லென்ஸிலும் திரையிலும்தான் வேறுபாடு. 3எஸ் கருவியில் ஃபிரெனல் என்ற பழைய வகை லென்ஸும் கண்ணுக்கு 1832 × 1920 புள்ளிகள் கொண்ட திரையும் உள்ளன. குவெஸ்ட் 3-இல் பான்கேக் என்ற புதிய வகை லென்ஸும் கண்ணுக்கு 2064 × 2208 புள்ளிகளும் உள்ளன. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. கண்ணாடிக் கடையில் அளந்து பார்த்ததில் என் இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் 66 மில்லிமீட்டர். அதற்கு ஏற்ப லென்ஸ்களை நகர்த்த 3எஸ் கருவியில் 58, 63, 68 என்று மூன்று நிலைகள்தாம் உண்டு. குவெஸ்ட் 3-இல் சிறு சக்கரம் ஒன்றைத் திருகி நமக்கு வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம். மூக்குக்கண்ணாடியோடு இதைத் தலையில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கப்போகிறவனுக்கு அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் தலைவலிக்கும் சுகத்துக்கும் உள்ள தூரம் என்று எண்ணி, விலை கூடினாலும் பெரியதையே வாங்க முடிவு செய்தேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 இந்தியாவில் அந்த நிறுவனத்தாலேயே முறையாக விற்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது முதன்மையாக பி.எஸ்.5 (பிளேஸ்டேஷன் 5) விளையாட்டுக் கருவிக்கானது, எங்கள் வீட்டில் அது இல்லை. மெட்டா குவெஸ்ட்டோ நான் வாங்கிய காலத்தில் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கே வரவில்லை. இணையத்திலும் கடைத் தெருக்களிலும் கிடைத்தவை எல்லாம் எவரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கைமாற்றியவை. அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்தும், அன்றைய டாலர் மதிப்பில் சுமார் 43,000 ரூபாய் வரும் பொருளுக்கு ஆறேழாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்ற அளவில்தான் அதைப் புரிந்துகொண்டேன். அந்த ஆறேழாயிரம் கொண்டுவந்தவரின் கூலி என்றும், உத்தரவாதம் என்ற ஒன்று அதில் அடங்கவில்லை என்றும் என் புத்திக்கு எட்டவில்லை.

கடையில் முதலில் எனக்குக் காட்டப்பட்டது குவெஸ்ட் 3 இல்லை. 2020-இல் வந்த குவெஸ்ட் 2-ஐ எடுத்துவைத்து, "எல்லாம் ஒண்ணுதான் சார், இது கொஞ்சம் முன்னாடி வந்தது" என்றார் கடைக்காரர். பேட்மேன் இதில் ஓடாது என்று சொன்னதும் அதை உள்ளே வைத்துவிட்டு, பிரிக்காத ஹெச்.பி. ரிவெர்ப் ஜி2 என்ற இன்னொரு ஹெட்செட்டை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். அது விண்டோஸ் கணினியில் வி.ஆர். கருவிகளை இயக்கும் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற வசதியை நம்பி இயங்கும் கருவி. அந்த வசதியைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்து, 2024-இல் வெளிவந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து நீக்கியும் விட்டது. அந்தச் சமயத்தில் புதிதாகக் கணினி வாங்கிய ஒருவர் அந்தப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தால் அலமாரியில்தான் வைக்க வேண்டியிருந்திருக்கும். இதையும் நான் சொன்னபோது, "சார் நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கீங்க" என்று பாராட்டினார். செத்துப்போன சரக்கைத் தெரியாதவர் தலையில் கட்டத் துணிகிற கடை இது என்று அந்த இடத்திலேயே புரிந்துகொண்டு வெளியேறியிருக்க வேண்டும். நானோ, என்னை ஏமாற்ற முடியாது என்பதை அவர் புரிந்துகொண்டுவிட்டார் என்று மகிழ்ந்துபோனேன்.

குவெஸ்ட் 3 பெட்டி பின்பக்கத்துக் கிடங்கிலிருந்து வந்தது. சீல் ஒட்டியிருந்தது. நான் கையில் வாங்கிப் பார்ப்பதற்குள் கடைப்பையன் அதை பிளேடால் கீறி, "செக் பண்ணிக் குடுத்துடறேன் சார்" என்று கருவியை இயக்கி, வரவேற்புத் திரை வந்ததைக் காட்டிவிட்டு அணைத்துவிட்டான். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பில் கேட்டபோது, பில் போட்டால் 18 விழுக்காடு வரி சேர்ந்து கூடுதலாக 8,910 ரூபாய் ஆகும் என்றும், எஸ்டிமேட் சீட்டு போதும், ஏதாவது என்றால் கடை இங்கேதான் இருக்கிறது என்றும் கடைக்காரர் கூறினார். நான் தலையாட்டினேன். பணத்தை யு.பி.ஐ. மூலம் அனுப்பியபோது திரையில் வந்தது கடையின் பெயர் இல்லை, ஒரு தனிமனிதரின் பெயர். அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் இரகசிய எண்ணை அழுத்தினேன். இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு நியாயம் இல்லை. எட்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்ற ஆசைதான் என் வாயை அடைத்தது.

திருச்சிக்கு வந்து நிதானமாகப் பெட்டியைத் திறந்தபோதே சில அறிகுறிகள் இருந்தன. கையில் பிடித்து விளையாடும் புதுக் கன்ட்ரோலர்களில் பேட்டரிக்கு இடையில் செருகியிருக்கும் காகிதப் பட்டை இரண்டிலும் இல்லை. கடைப்பையன் இழுத்திருப்பான் என்று எண்ணிக்கொண்டேன். முகத்தில் படியும் மெத்தைப் பகுதியின் இடுக்கில் செம்பட்டைச் சாயம் பூசிய முடி ஒன்று சிக்கியிருந்தது. என் மனைவி அதைக் கண்டுபிடித்து எடுத்துக் காட்டியபோதும், கடைப்பையனின் தலைமுடியாக இருக்கும் என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன். வாங்கிய பொருள் பழையது என்று ஒப்புக்கொள்ள மனம் எவ்வளவு மறுக்கிறது பாருங்கள். அந்தச் சமயத்தில் புதுக் குவெஸ்ட் 3 வாங்கியவர்களுக்கு பேட்மேன் இலவசம் என்று மெட்டா அறிவித்திருந்தது. எங்கள் கணக்கில் அந்தச் சலுகை வரவே இல்லை. கருவி முன்பே இயக்கப்பட்டதாக இருந்தால் வராது. இந்தியாவில் இருப்பதாலும் வராமல் போயிருக்கலாம். ஆகவே இதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க இயலாது.

நிரூபித்தது ஒரு புள்ளி. இடக்கண் திரையில், நடுவிலிருந்து சற்று மேலே, பழுப்பேறிய ஒரு சிறு கறை தெரிந்தது. இருண்ட காட்சிகளில் தெரியாது. வெள்ளைப் பின்னணி வந்தால் மட்டும் தெரியும். பேட்மேன் நடமாடும் இரவு நேர நகரத்தில் அது புலப்படாததால், காசு கொடுத்து அந்த விளையாட்டை வாங்கியிருந்த மகன் நான்கு நாள் வரை எதுவும் சொல்லவில்லை. லென்ஸில் தூசு என்று நினைத்து நுண்ணிழைத் துணியால் துடைத்தேன், போகவில்லை. பிறகுதான் அதன் காரணம் தெரிந்தது. இந்த ஹெட்செட்டுகளின் லென்ஸ்கள் திரையைப் பெரிதாக்கிக் காட்டுபவை. ஆகவே வெளியிலிருந்து வெயில் அவற்றின் மேல் பட்டால், பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்துவோமே, அதுபோல ஒளி ஒரே புள்ளியில் குவிந்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடுகிறது. கருவி அணைந்திருந்தாலும் சுடும். மிகக் குறைந்த நேரமே போதும். மொட்டை மாடியிலோ ஜன்னலோரத்திலோ லென்ஸ் மேல்நோக்கி இருக்க யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுட்ட இடம் ஆறாது. திரையை மாற்றத்தான் வேண்டும்.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது கடைக்காரர் தயங்காமல், "நீங்கதான் வெயில்ல வெச்சிருப்பீங்க சார்" என்றார். கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அன்றிரவு கருவியின் அமைப்புகளுக்குள் சென்று வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எண்ணோடு ஒப்பிட்டேன். இரண்டும் வேறு வேறு. ஒரு கருவியின் பெட்டிக்குள் இன்னொரு கருவி இருந்தது. ஒன்பதாம் நாள் என்று மேலே சொன்னேனே, அது இந்த நாள்தான்.

மறுவாரம் நேரில் போனேன். வரிசை எண்களைக் காட்டியதும் அவர் குரல் தணிந்தது. குடோனில் மாறியிருக்கும் என்றார். வெளிநாட்டுக்காரன் அப்படி அனுப்பிவிட்டான் என்றார். கடைசியில், பழைய பொருள் விலைக்கு 22,000 ரூபாய் தந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். புதியது என்று விற்ற பொருளுக்குப் பத்து நாளில் பழைய பொருள் விலை எப்படி வரும் என்று கேட்டதற்கு, "பில் இருக்கா சார்?" என்று திருப்பிக் கேட்டார். பில் வேண்டாம் என்று என்னைத் தலையாட்ட வைத்த அதே வாய்தான் அதைக் கேட்டது.

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குத் தெரியாத விடையை இப்போது எழுதிவிடுகிறேன். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடைக்காரர் 200 ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனைக்கு வாடிக்கையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பில் தந்தாக வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே பில் இல்லாதது என் புகாரைப் பலவீனப்படுத்தியது உண்மைதான் என்றாலும், அதுவே அவர் மீதான இன்னொரு புகாராகவும் ஆயிற்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடையிலிருந்து பதில் வரவில்லை. அதன்பின் திருச்சியிலேயே மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுத்தேன். கடை சென்னையில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் ஊரில் மனுச் செய்ய அந்தச் சட்டம் இடம் தருகிறது; ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். யு.பி.ஐ. பரிவர்த்தனை விவரம், எஸ்டிமேட் சீட்டு, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் "சீல்டு பீஸ்" என்று எழுதிய வரி, இரண்டு வரிசை எண்களின் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இனி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. வீட்டில் பி.எஸ்.5 ஏற்கெனவே இருந்தால், இந்தியாவிலேயே வாரண்டி கிடைக்கும் சோனி கருவியை முதலில் பாருங்கள். விளையாட்டுகள் குறைவு என்பார்கள், பழுதானால் போய் நிற்க ஓரிடம் உண்டு. குவெஸ்ட்தான் வேண்டும் என்றால், அது விற்கப்படும் நாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் தம் பெயரில் பில்லோடு வாங்கிக் கொண்டுவருவதே நல்லது. வாரண்டி அந்த நாட்டோடு நின்றுவிடும் என்றாலும், பெட்டிக்குள் புதுப் பொருள்தான் இருக்கிறது என்பதாவது உறுதி. இங்கே கடையில்தான் வாங்க வேண்டும் என்றால், பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலையும் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதியாகும் பொதிப் பொருள்களுக்குச் சட்டப்படி அது வேண்டும். என் பெட்டியில் அமெரிக்க லேபிளைத் தவிர எதுவும் இல்லை. சீலை நீங்களே பிரியுங்கள், கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே பிரியுங்கள். கருவியை இயக்கி, வரிசை எண்ணைப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். வெள்ளைத் திரை ஒன்றைக் கொண்டுவந்து ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். அந்த வரிசை எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் பணத்தை எடுக்காதீர்கள்.

ஆணையத்தின் அறிவிப்பைக் கடை இன்னும் பெற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கருவி பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. சான்றுப் பொருள் என்பதால் மகனை அதைத் தொட விடுவதில்லை. அவன் பேட்மேனில் எந்தக் கட்டத்தில் நிறுத்தினான் என்பதை ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டியின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறான்.