பாட் ஆட்ஸா, தாக்குப்பிடிப்பதா? ஆறு வருட லைவ் போக்கர் நோட்டிலிருந்து

எனக்கு ஊர் காரைக்குடி, தொழில் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது. 2019-லிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கோவா போய் லைவ் போக்கர் டோர்னமென்ட் ஆடி வருகிறேன். கொரோனா காலத்தில் மட்டும் போகவில்லை. விடியற்காலைப் பல்லவனில் சென்னை, அங்கிருந்து விமானம், அப்புறம் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல். போகும்போதெல்லாம் ஆல்-இன் (கையிலுள்ள சிப் முழுவதையும் வைப்பது) வந்த ஹேண்டுகளை (ஒருமுறை கார்டு போட்டு ஆடுவது ஒரு ஹேண்டு) ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பேன். எதிராளி வைத்த அளவு நானும் போட்டுக் கால் பண்ணுவதா, கார்டை விட்டுவிட்டு ஃபோல்டு பண்ணுவதா என்று முடிவெடுக்க நான் வைத்திருக்கும் கணக்கு இத்தனை வருடத்தில் எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பாட் ஆட்ஸ், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பாட்டுக்கும் நான் போட வேண்டியதற்கும் உள்ள விகிதம், எளிது. பாட்டில் 6,000 இருக்கிறது, எதிராளி 3,000 வைக்கிறார் என்றால், நான் 3,000 போட்டு 9,000-க்கு ஆடுகிறேன். மொத்தம் 12,000-ல் என் பங்கு கால்வாசி. நான்கில் ஒரு தடவைக்கு மேல் ஜெயிக்க வாய்ப்பிருந்தால் கால் பண்ணலாம். கேஷ் கேமில் இதற்கு மேல் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே சிப்தான் பணம். டோர்னமென்டில் அப்படி இல்லை, சிப் தீர்ந்தால் வெளியே, எத்தனையாவது இடம் என்பதற்குத்தான் பரிசு. இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன்.

முதல் வருடத்து நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்ட ஹேண்டு ஒன்று உண்டு. 14 பேர் மிச்சம், 13 பேருக்குப் பரிசு. கார்டு வருமுன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாகக் கட்டும் பிளைண்ட் 1,000, 2,000, பெரியதைக் கட்டுகிறவரே கூடுதலாகக் கட்டும் ஆன்ட்டி 2,000. நான் பிக் பிளைண்ட். அதையும் ஆன்ட்டியையும் கட்டியது போக என்னிடம் 38,000. என்னைவிடப் பெரிய ஸ்டாக் (சிப் குவியல்) வைத்திருந்தவர் ஆல்-இன் போனார். எனக்கு இரண்டு ஒன்பது, அதாவது ஒன்பது ஜோடி. பாட்டில் 45,000, போட வேண்டியது 38,000, ஆகத் தேவை 46 சதவீதம். அவர் எந்தக் கார்டுகளோடெல்லாம் ஆல்-இன் போவார் என்று பார்த்தால் எனக்கு அதைவிடக் கூடுதல் வாய்ப்பு. கால் பண்ணினேன். அவரிடம் ஏஸும் ராஜாவும். அந்த நிலையிலும் நான் 55 சதவீதம். பொதுவில் விழுந்த கடைசிக் கார்டு ஆட்டின் ராஜா, அவருக்கு என்னைவிடப் பெரிய ஜோடி. பக்கத்து டேபிளில் மூன்று பிக் பிளைண்டுக்குக்கூடச் சிப் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பரிசு வாங்கினார், நான் வெறுங்கையோடு எழுந்தேன்.

ஊர் திரும்பி அப்பச்சியிடம் சொன்னேன். அவர் வட்டிக்கடை வைத்திருந்தவர், போக்கர் தெரியாது. "வட்டி நல்லா வருதுன்னு முழு முதலையும் ஒரே ஆளுகிட்டக் குடுப்பியாடா?" என்று கேட்டார். நான் சொன்ன 46-க்கும் 55-க்கும் அவர் காதே கொடுக்கவில்லை. முதலுக்கு மோசம் வருகிற இடத்தில் கணக்கே வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வேறு கணக்கைப் பழகியது எங்கள் வீட்டு வளவில். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் நான்கு பேர் உட்கார்ந்து, ஆளுக்கு 100 புளியங்கொட்டை வைத்து ஆடினோம். பரிசு சீப்புச் சீடை: முதல் ஆளுக்கு 50, அடுத்தவருக்கு 30, மூன்றாமவருக்கு 20. ஆரம்பத்தில் ஒவ்வொருவரின் பங்கும் 25 சீடைக்குச் சமம். இப்போது இருவர் ஆல்-இன் மோதி நான் ஜெயித்தால் என் கொட்டை இரட்டிப்பு. ஆனால் சீடைக் கணக்கில் என் பங்கு 50 ஆகாது, 38 சொச்சம்தான். தோற்றால் பூஜ்யம். 13 கூடுவதற்காக 25-ஐப் பணயம் வைக்கிறேன். கொட்டைக் கணக்கில் 50 சதவீதம் போதும், சீடைக் கணக்கில் 65 வேண்டும். என் ஒன்பது ஜோடி 55-ல் நின்றது.

சிப்பைப் பரிசுப் பங்காக மாற்றிப் பார்க்கும் இந்தக் கணக்குக்கு ஐசிஎம் (Independent Chip Model) என்று பெயர். 1973-ல் டேவிட் ஹார்வில் குதிரைப் பந்தயத்தை வைத்து எழுதிய சூத்திரம்தான் இதற்கு அடிப்படை. டேபிளில் ஹேண்டு நடக்கும்போது போனைத் தொட முடியாது, அதனால் மனக்கணக்காகச் சுருக்கிக்கொண்டேன். பாட் ஆட்ஸ் கேட்கிற சதவீதத்தை முதலில் போடுவேன். பபிளில் (இன்னும் ஒருவர் வெளியேறினால் மிச்சமுள்ள எல்லோருக்கும் பரிசு என்ற கட்டத்தில்) என்னை வெளியேற்றக்கூடிய பெரிய ஸ்டாக் எதிரே இருந்தால் அதற்கு மேல் 10 முதல் 15 வரை சேர்ப்பேன். எதிராளி, நான் தோற்றாலும் எனக்கு வலிக்காத சின்ன ஸ்டாக் என்றால் இரண்டோ மூன்றோ போதும். முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய எதுவும் சேர்ப்பதில்லை. பெரிய டோர்னமென்டுக்கான டிக்கெட்டைப் பரிசாகத் தரும் சாட்டிலைட் மட்டும் தனி உலகம். ஜெயிக்கிற எல்லோருக்கும் ஒரே டிக்கெட் என்பதால், ஏஸ் ஜோடியையே ஃபோல்டு பண்ணுவது சரியாக வருகிற நேரமும் அங்கே உண்டு.

பபிளைப் பொறுத்தவரை இந்த முறை என்னை ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. ஏமாற்றியது வேறிடத்தில். தாக்குப்பிடிக்கும் ருசி கண்டபின் எல்லா இடத்திலும் பதுங்க ஆரம்பித்துவிட்டேன். 2022 பக்கங்களைப் புரட்டினால் ஃபோல்டு, ஃபோல்டு, ஃபோல்டு. பிக் பிளைண்ட் ஆன்ட்டி உள்ள டேபிளில் ஒரு சுற்றுக்கு இரண்டரை பிக் பிளைண்ட் கரைகிறது. 12 பிளைண்டோடு நான்கு சுற்று சும்மா இருந்தால் மிஞ்சுவது இரண்டு. லைவ் ஆட்டத்தில் மணிக்கு 25, 30 ஹேண்டுதான் வரும். அரை மணிக்கு ஒருமுறை பிளைண்ட் ஏறினால், ஒன்பது பேர் டேபிளில் ஒரு லெவலுக்குச் சுமார் ஒன்றரைச் சுற்று. நல்ல கார்டுக்காகக் காத்திருக்க அவகாசமே கிடையாது. அந்த வருடம் கடைசிப் பரிசு பல முறை வாங்கினேன், ஆனால் ரயில், விமானம், அறை வாடகைக்கே அது காணவில்லை. 10,000 ரூபாயைத் தாண்டிய பரிசில் 30 சதவீத வரி போகும். தோற்ற டோர்னமென்டுகளுக்குக் கட்டிய கட்டணத்தை அதில் கழிக்கவும் வழியில்லை. பணம் குவிந்திருப்பது முதல் மூன்று இடங்களில்தான்.

ஐசிஎம்முக்கு அடுத்த சுற்றில் பிளைண்ட் யார் கட்டப் போகிறார் என்பது தெரியாது. அதனால் 10 பிளைண்டுக்குக் கீழே இறங்கினால், நான் சேர்க்கிற சதவீதத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். கால் பண்ணுவதைவிட நானே முதலில் ஆல்-இன் போவதைத் தேடுகிறேன். மற்றவர்கள் ஃபோல்டு பண்ணினால் கார்டைக் காட்டாமலே பாட் வந்துவிடும், அந்த லாபம் கால் பண்ணுகிறவனுக்குக் கிடையாது. நோட்டில் இதற்குப் பிறகு வந்த பக்கங்கள்தான் எனக்குத் திருப்தி தருபவை.

போன வருடம் கிட்டத்தட்ட அதே ஹேண்டு திரும்ப வந்தது. பபிள், பெரிய ஸ்டாக், எனக்குப் பத்து ஜோடி. டீலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 46 கேட்கிறது, 13 சேர்த்தால் 59. எதிராளியின் ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு 56, மிஞ்சினால் 57. கார்டை முன்னால் தள்ளிவிட்டேன். அவர் என்ன வைத்திருந்தார் என்று காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. நோட்டில் அந்த வரிக்கு நேரே பச்சை மையில் ஒரு கோடு இருக்கிறது.