மாரியில் தரும் முற்பணம்: லொறிக்காரர்கள் கையெழுத்து வைக்க முதல் வாசியுங்கள்

மட்டக்களப்புப் படுவான்கரையில் சொந்தமாக கன்டர் லொறி ஓட்டுகிறேன். லீசிங்கில் எடுத்த வாகனம். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் தொழில் வெள்ளாமையோடு ஏறி இறங்கும். தை கடைசி தொடங்கி பங்குனி வரை பெரும்போக வெட்டு, பிறகு ஆடி, ஆவணியில் சிறுபோக வெட்டு. அந்த நாட்களில் நித்திரைக்கே நேரம் இராது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிவிட்டால் நெல் லோட் இல்லை. ஆற்றில் தண்ணீர் ஏறிவிடுவதால் மணல் லோட்டும் இல்லை. ஆனால் லீசிங் தவணை மாதா மாதம் வந்துகொண்டே இருக்கும்.

2024 நவம்பர் வெள்ளத்தோடு மூன்று கிழமை லொறி வளவை விட்டு அசையவில்லை. இரண்டு தவணை பிந்தியது. வாகனத்தைத் தூக்கப்போவதாக கோல் வரத் தொடங்கியது. அந்த நேரம்தான் நெல் யாவாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஒண்டரை லட்சம் தாறன். வட்டி ஒண்டும் வேணாம். வெட்டுத் தொடங்கினா எனக்கு மட்டும் ஓடுங்க."

தாளில் பாதி வெறுமையாக இருந்தது. "மிச்சத்த மறுகா எழுதுவம்" என்றார். மனைவி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். நான் கையெழுத்து வைத்தேன்.

கூலி கிலோவுக்கு 5 ரூபாய் என்று பேசியிருந்தோம். வெட்டு உச்சத்தில் மற்ற லொறிகளுக்கு 7 வரை போனது. அதில் எனக்கு மனக்குறை இல்லை, பேசினது பேசினதுதான். அவர் என்னை வெட்டியது நிறையில்.

வெட்டு மிஷினில் இருந்து இறங்கும் நெல் பச்சையாக இருக்கும். பின்னேரம் வட்டையில், அதாவது வயலிலேயே, நிறுத்து ஏற்றி, இரவோடு இரவாக ஓட்டமாவடி, புணானை, மன்னம்பிட்டி தாண்டிப் பொலன்னறுவை மில்லில் போய் வரிசையில் நிற்போம். சில நேரம் இரண்டு இரவு. பகலில் தறப்பாளைத் திறக்காவிட்டால் நெல் வெந்து நாறும், திறந்தால் காயும். காய்ந்தால் நிறை குறையத்தான் செய்யும். ஈரப்பதன் 20 சதவீதத்தில் இருந்து 19க்கு இறங்கினாலே 5,000 கிலோ லோட்டில் 60 கிலோவுக்கு மேல் போய்விடும். ஒரு மணி நெல்லைக்கூட யாரும் எடுத்திருக்கத் தேவையில்லை.

அந்தக் குறைவை என் கூலியில் பிடித்தார். அந்தப் போகத்துக்கு நாட்டு நெல்லுக்கு அரசாங்கம் அறிவித்த 120 ரூபாய் விலைக்குக் கணக்குப் போட்டார். 60 கிலோ என்றால் 7,200 ரூபாய். ஒரு லோட்டுக்கு என் கூலியே 25,000, அதில் ஏறக்குறையப் பாதி டீசலுக்குப் போகும். கேட்டதற்குத் தாளை எடுத்துக் காட்டினார். "நிறை குறைந்தால் சாரதி பொறுப்பு" என்று ஒரு வரி. நான் கையெழுத்து வைத்த அன்று அந்த வரி அதில் இல்லை.

பதினொரு லோட் ஓடினேன். முற்பணம் முழுக்க லீசிங்குக்குப் போனதால் டீசலுக்கு மனைவியின் காப்பை அடகு வைத்தேன். எல்லாம் கழித்து 54,000 மிச்சம் என்று திகதி தள்ளி ஒரு செக் தந்தார். அதுவும் திரும்பி வந்தது. மத்தியஸ்த சபைக்குப் போனேன். முதல் தவணைக்கு வந்து சரி என்று தலையாட்டினார், அடுத்ததற்கு வரவே இல்லை.

இப்போது ஏற்றும் இடத்திலேயே தராசையும் ஈரமானியையும் போனில் படம் எடுக்கிறேன். மில் தராசுத் துண்டின் பிரதி இல்லாமல் வெளியே வருவதில்லை. கூலி எந்த நிறைக்கு, காய்ந்து குறைந்தால் யார் பொறுப்பு என்று லோட் ஏற முதல் எழுதி வாங்குகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், அப்படியானவரின் லோட் எனக்கு வேண்டாம். இன்னொன்று, அடுத்த மாரியில் லீசிங் கிளைக்குப் போய்க் கடிதம் கொடுத்தேன், இரண்டு மாதத் தவணையைப் பிற்போட்டுத் தந்தார்கள். முதல் வருசமே போயிருந்தால் அந்த ஒன்றரை லட்சத்துக்குக் கை நீட்டியிருக்க மாட்டேன். இதை நினைத்தால்தான் இன்னும் நெஞ்சு எரிகிறது.

அதே ஆள் இந்த முறையும் இரண்டு வீடுகளுக்குப் போய் வந்ததாகக் கேள்வி. இரண்டு பேரும் முதல் லொறி எடுத்த சின்னப் பொடியன்கள். தாளின் படமும் செக்கும் என்னிடம் இருக்கின்றன. யாராவது யோசித்துக்கொண்டு இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.