ஸ்டோர் பிக்கப் ஆர்டர்: ஸ்கேன் ஆகலைன்னா பொருளைக் கொடுக்காதீங்க

ஆன்லைன் சந்தைத் தளங்களில் பொருள் விற்கிறவர்களும், "கடைக்கே வந்து எடுத்துக்கிறேன்" என்று ஆர்டர் போடுகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு ஒரு டேப்லெட் போச்சு. அதற்கு வந்த பணமும் போச்சு. போதாததற்குத் தகராறுக் கட்டணம் என்று ஒரு தொகையை என் கணக்கிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். ஏமாற்றியவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. என் கடைக்கு வந்து அந்த டேப்லெட்டை வாங்கிப்போனவரோ என்னைவிட மோசமாக ஏமாந்தவர்.

நான் நடத்துவது சின்ன எலக்ட்ரானிக்ஸ் கடை. மூன்று வருடமாக ஒரு தளத்திலும் விற்கிறேன். கூரியரில் அனுப்புவதென்றால் பபிள் கவர், அட்டைப்பெட்டி, எடை வித்தியாசத்துக்கு அபராதம், உடைந்து வந்தது என்று ரிட்டர்ன், தினம் ஒரு தலைவலி. அதனால் செல்லர் ஆப்பில் 'ஸ்டோர் பிக்கப்' வந்த அன்றைக்கே அதை ஆன் செய்தேன். வாங்குகிறவர் ஆன்லைனில் பணம் கட்டிவிடுவார். நான் பொருளை எடுத்து வைத்து 'ரெடி' என்று தட்டுவேன். அவர் ஆப்பில் ஒரு கியூஆர் கோடும் ஆறு இலக்க எண்ணும் வரும். கடைக்கு வந்து காட்டுவார், நான் ஸ்கேன் செய்வேன், 'ஒப்படைக்கப்பட்டது' என்று பச்சை டிக் விழும். அந்த நிமிடத்திலிருந்து, தளம் எனக்குப் பணம் தரும் செட்டில்மென்ட் நாளும் அவருக்கு ரிட்டர்ன் நாளும் ஓட ஆரம்பிக்கும்.

ஸ்கேன் ஆகாவிட்டால் என்ன செய்வது? திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக 'கையால் உறுதி செய்' என்று ஒரு வரி இருக்கும். நான் மாட்டிக்கொண்டது அந்த வரியில்தான்.

சனிக்கிழமை சாயங்காலம். கடையில் நல்ல கூட்டம். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, பள்ளிக்கூடப் பையன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "தம்பி, ஆர்டர் எடுக்க வந்திருக்கேன்" என்று போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட். ஆர்டர் நம்பர் சரி, மாடல் சரி, கலர்கூடச் சரி. கியூஆர் மட்டும் ஸ்கேன் ஆகவில்லை. எங்கள் தளத்தில் அந்தக் கோடு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும், பழைய படம் செல்லாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நெட் ஸ்லோ என்று நினைத்துக்கொண்டேன்.

"பேரு வேற இருக்கேம்மா?"

"அது புக் பண்ணவர் பேருங்க. பணம் நான் கட்டிட்டேன்."

இந்த ஒரு வரியில் மொத்த மோசடியும் இருந்தது. நான் புரிந்துகொண்டதோ, புக் செய்தவர் அவர் வீட்டுக்காரர் அல்லது தம்பியாக இருக்கும் என்று. ஆறு இலக்க எண்ணைக் கேட்டேன். யாருக்கோ போன் போட்டார், எடுக்கவில்லை. பையன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். "அண்ணே, நம்பர்தான் சரியா இருக்கே, கொடுத்துடலாம்ணே" என்றான் கடைப் பையன். அவனைக் குறை சொல்லமாட்டேன், விரல் என்னுடையது. சாம்பல் வரியைத் தட்டினேன். பச்சை டிக் விழுந்தது. அந்தப் பச்சைக்கும் ஸ்கேன் செய்தால் வரும் பச்சைக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஐந்து வாரம் கழித்து ஒரு மெயில். சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்பது. 'இந்தக் கொள்முதலை நான் செய்யவே இல்லை' என்று, அந்த ஆர்டருக்குப் பணம் கட்டிய அட்டைக்குச் சொந்தக்காரர் தன் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறார். ஒப்படைத்ததற்கு ஆதாரம் கொடு, நாள் கெடு இவ்வளவு, இல்லையென்றால் தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றது தளம்.

நான் முதலில் பதறவே இல்லை. அதான் கேமரா இருக்கிறதே! சிசிடிவி பெட்டியைத் திறந்து தேதியைத் தேடினால், முப்பது நாளுக்கு முந்தைய பதிவு எதுவும் இல்லை. புதிய பதிவு பழையதன்மேல் ஏறிக்கொண்டே போகும், பெரும்பாலான கடைகளில் அப்படித்தான். அன்றைக்குத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: அட்டையை நேரில் காட்டாமல் நடக்கும் மோசடிக்கு, விசா என்ற அட்டை நிறுவனத்தின் விதிகளில் 10.4 என்று ஒரு தனி எண் இருக்கிறது. அதில் தகராறு எழுப்ப 120 நாள் வரை அவகாசம் உண்டு. என் கேமராவின் ஞாபகம் 30 நாள். நடுவில் இருக்கிற 90 நாளும் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு வியாபாரம் செய்திருக்கிறேன்.

கடையில் வந்து எடுத்துப்போன பொருளுக்கு எது ஆதாரமாகச் செல்லும் என்பதும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. அட்டைக்காரர் கையெழுத்துப் போட்ட பிக்கப் சீட்டு, அவர் காட்டிய அடையாள அட்டையின் நகல், அல்லது அதன் விவரக் குறிப்பு. என்னிடம் இருந்தது ஒரு பச்சை டிக். தளத்தின் விற்பனையாளர் பாதுகாப்பு என்று ஒன்று உண்டு, அது கோடு ஸ்கேன் ஆன ஆர்டருக்கு மட்டும்தானாம். கையால் உறுதி செய்தால், 'என் பொறுப்பில் கொடுக்கிறேன்' என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. இதை அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைக்க என்ன கேடு என்று கஸ்டமர் கேரில் கேட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. மூன்று டிக்கெட் போட்டேன், மூன்றுக்கும் அதே நன்றி. அடுத்த செட்டில்மென்டில் தொகையைக் கழித்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாதான் திருடி என்று வீட்டில் சொல்லிச் சொல்லி ஆத்திரப்பட்டேன். பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நடிப்பதா என்றெல்லாம் பேசினேன். இப்போது நினைத்தால் நாக்கூசுகிறது.

ஏனென்றால் அடுத்த மாதம் அவரே வந்தார். டேப்லெட் சார்ஜ் ஏறவில்லை, சர்வீஸில் பில் கேட்கிறார்கள், என் பெயருக்கு ஒரு பில் போட்டுக் கொடுங்கள் தம்பி என்று நிற்கிறார். திருடுகிறவர் வாரன்டி கேட்டு வருவாரா? உட்காரவைத்து மெதுவாகக் கேட்டேன். அவர் என் லிஸ்டிங்கிலேயே வாங்கவில்லை. வேறொரு தளத்தில், வேறு ஒருவன் போட்ட விளம்பரம். என் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. 'கடையில் நேரில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், ஏமாற்று வேலை இல்லை' என்று எழுதியிருந்தானாம். நேரில் பார்க்கலாம் என்றதும் நம்பிக்கை வந்துவிட்டது. பணத்தை அவன் கணக்குக்கு நேராக அனுப்பிவிட்டார். அவன் அதை வாயில் போட்டுக்கொண்டு, எங்கேயோ திருடிய அட்டை விவரத்தை வைத்து என்னிடம் ஸ்டோர் பிக்கப் ஆர்டர் போட்டு, ஸ்கிரீன்ஷாட்டை அவருக்கு அனுப்பிவிட்டான்.

இதை முக்கோண மோசடி என்கிறார்கள். கூரியரிலும் நடக்கிற பழைய வித்தைதான். ஸ்டோர் பிக்கப் வந்தபிறகு அவனுக்கு இன்னும் வசதி. டெலிவரி முகவரி என்று ஒன்று பதிவாகவே செய்யாது. அட்டைக்காரர் முகவரி ஓர் ஊர், டெலிவரி வேறு ஊர் என்றால் தளத்தின் மோசடிக் கண்காணிப்பு சந்தேகப்படலாம். பிக்கப் ஆர்டரில் ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடைசி மைல் வேலையை ஓர் அப்பாவி தன் சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்து செய்துவிட்டுப் போகிறார்.

அவர் தன் போனில் அந்த விளம்பரத்தைக் காட்டினார். படம் என் படம். என் கவுன்ட்டர் கண்ணாடியில் ஓரமாக ஒரு விரிசல் இருக்கிறது, பிரௌன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். டேப்லெட் பெட்டிக்குப் பின்னால் அந்த டேப் தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்குக் கடைக்கு வந்தவுடன் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் 'சரியான இடத்துக்கு வந்துவிட்டோம்' என்று அவருக்கு நிம்மதியாக இருந்ததாம்.

டேப்லெட்டை நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், சட்டம் என் பக்கம்கூட இருந்திருக்கலாம். அந்தப் பையனிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். பொய்யாகப் பில் போட்டுக் கொடுக்கவும் முடியாது. சீரியல் நம்பர், ஆர்டர் நாள், நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை வைத்து அவர் ஒரு புகார், நான் ஒரு புகார்.

வாங்குகிறவர்கள் இதை விற்பவன் தலைவலி என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கத்துக் கோளாறு ஒன்றையும் சொல்கிறேன், அதுவும் எனக்கே நடந்தது. ஒரு ஹெட்போன் வாங்க வேறொரு கடையில் பிக்கப் போட்டிருந்தேன். கடையிலிருந்து போன்: "சார், அந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க, பேக் பண்ணி ரெடியா வெச்சிடறோம்." சொன்னேன். போனை வைப்பதற்குள் என் ஆப்பில் 'பெற்றுக்கொண்டீர்கள்' என்று விழுந்தது. போய்ப் பார்த்தால் கலர் மாறியிருக்கிறது, பெட்டியின் சீல் வேறு உடைந்திருக்கிறது. 'நீங்கள்தான் வாங்கிக்கொண்டீர்களே, வேண்டுமானால் ரிட்டர்ன் போடுங்கள்' என்கிறார்கள். ரிட்டர்ன் வாங்க இரண்டு வாரம் அலைந்தேன். அந்த எண் பூட்டுச் சாவி மாதிரி. பொருள் உங்கள் கைக்கு வந்து, பெட்டியைத் திறந்து, சீரியல் நம்பரைப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அது வாயைவிட்டு வெளியே வரவேண்டும். போனில் யார் கேட்டாலும், கடைக்காரரே கேட்டாலும், சொல்லாதீர்கள். நிஜமான கடைக்கு நீங்கள் வருவதற்கு முன்னால் அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதேபோல 'இது இன்னொருத்தர் பெயரில் புக் ஆகியிருக்கும், நீங்கள் போய் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஆர்டர் உங்கள் கணக்கில், உங்கள் ஆப்பில் தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் நீங்கள் வாங்கியது பொருளை இல்லை, ஒரு ஸ்கிரீன்ஷாட்டை.

கோடு போட்டால் மட்டும் திறக்கும் லாக்கர் பெட்டியில் பொருளை வைத்து, வாங்குகிறவரே எடுத்துக்கொள்ளும் முறை இதைவிடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. அமேசான் 2011-இல் லாக்கர் வைக்க ஆரம்பித்தபோது இதெல்லாம் எதற்கு என்று சிரித்தவன் நான். மூன்று நாளுக்குள் எடுக்காவிட்டால் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்களே, இது என்ன கறார் என்றும் நினைத்தேன். ஆனால் லாக்கருக்கு இரக்கம் கிடையாது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்களே என்று அது கதவைத் திறந்துவிடாது.

பிக்கப்பை நான் நிறுத்திவிடவில்லை, அது இல்லாமல் இப்போது வியாபாரம் ஓடாது. சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். கியூஆரை ஸ்கிரீன்ஷாட்டில் வாங்குவதில்லை, ஆப்பைத் திறந்து காட்டச் சொல்கிறேன். விலை கூடின பொருளென்றால் ஆர்டர் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறு ஆள் வருவதாக இருந்தால், தளத்தின் செய்திப் பெட்டி வழியாக வருகிறவர் பெயரை முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும், வாட்ஸ்அப் செல்லாது. ஒரு கார்பன் நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதில் ஆர்டர் நம்பர், சீரியல் நம்பர், பார்த்த அடையாள அட்டை என்ன வகை, அதன் கடைசி நாலு எண், கையெழுத்து. முழு எண்ணையும் எழுதி வைத்தால் அது நாளைக்கு வேறு வம்பு. பிக்கப் நடக்கும் அந்த இரண்டு நிமிட வீடியோவை அன்றைக்கு ராத்திரியே தனியாகக் காப்பி எடுத்து ஆறு மாதம் வைக்கிறேன். ஆர்டர் போட்ட பத்து நிமிடத்தில் 'ரெடியா, ரெடியா' என்று நச்சரிக்கிற புதுக் கணக்கு என்றால் ஒரு நாள் தள்ளித்தான் ரெடி தட்டுவேன். நிஜமாகவே அவசரமானவர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு கேன்சல் செய்துவிட்டார்கள். போகட்டும்.

'கையால் உறுதி செய்' என்ற வரி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கடைப் பையனின் போனிலிருந்து செல்லர் ஆப்பை எடுத்துவிட்டேன். "என் மேல நம்பிக்கை இல்லையாண்ணே?" என்றான். என்மேலேயே இல்லைடா என்றேன்.

நேற்று ராத்திரி சும்மா அந்த மாடல் பெயரைப் போட்டுத் தேடிப்பார்த்தேன். புதுக் கணக்கு, புதுப் பெயர், அதே பாதி விலை, 'ஸ்டோர் பிக்கப் உண்டு'. படத்தில் என் கண்ணாடி, அதன்மேல் பிரௌன் டேப். புகார் கொடுத்திருக்கிறேன், இதை எழுதும்வரை விளம்பரம் அப்படியேதான் இருக்கிறது. டேப் ஒட்டிய கண்ணாடியோடு ஒரு டேப்லெட் படம் உங்கள் கண்ணில் பட்டால் பணம் அனுப்பிவிடாதீர்கள். அந்த மாடல் இப்போது என்னிடம் ஸ்டாக்கே இல்லை.